கல்லறை மண் பூசிய வானவில்

இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு பொருளை வாங்கி வீட்டு அலமாரியில் வைக்க எவ்வளவு பணம் வேண்டும்? லட்சங்கள்கூடத் தேவையில்லை. ரோமானியர் வாசனைத் தைலம் அடைத்து வைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள் மேலைநாட்டு ஏலங்களில் இன்றும் நூறு, இருநூறு டாலருக்குக் கைமாறுகின்றன. பழம்பொருள் சேகரிப்பில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் ஒரு ரோமானிய நாணயம் வாங்குவார்கள். அடுத்து அவர்களின் கண் போவது பெரும்பாலும் இந்தக் குப்பிமேல்தான்.

பார்க்க எளிமையான பொருள். பெரும்பாலும் 5 முதல் 15 சென்டிமீட்டர் உயரம். ஒடுங்கிய கழுத்து, வெளிப்பக்கம் மடிந்த வாய், கீழே உருண்டையாகவோ மணி வடிவிலோ வயிறு. கையில் எடுத்தால் எடையே தெரியாது. வெளிச்சத்தில் திருப்பினால் பச்சை, ஊதா, பொன்னிறம் என்று மேற்பரப்பு முழுக்க நிறங்கள் ஓடும். அந்த மினுக்கம் கூடக்கூட விலையும் கூடும்.

வேடிக்கை என்னவென்றால், குப்பியைச் செய்தவர் அந்த நிறங்களைப் பார்த்ததே இல்லை. அவர் பட்டறையிலிருந்து போனது சாதாரண நீலப்பச்சைக் கண்ணாடி. வானவில்லைப் பூசியது மண். அதிலும் பெரும்பாலும் கல்லறை மண். சேகரிப்பவர் காசு கொடுப்பது அந்த மண்ணின் வேலைக்கு. ஆனால் குப்பி சந்தைக்கு வரும்போது மண் கூட வருவதில்லை. அதனால் நாம் இழப்பது என்ன என்பதை அறிய, குப்பியின் கதையை உலையிலிருந்து தொடங்க வேண்டும்.

மணலும் உப்பும்

கண்ணாடியின் முதன்மைப் பொருள் மணலில் உள்ள சிலிக்கா. சுத்தமான சிலிக்காவை உருக்க ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பழங்கால உலை எதுவும் அந்த அளவை எட்டவில்லை. சோடா உப்பைச் சேர்த்தால் சிலிக்கா மிகக் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். ரோமானியருக்கு அந்த உப்பு எகிப்தின் வாடி நட்ரூன் ஏரிப் படுகைகளிலிருந்து வந்தது. நேட்ரான் என்ற அதே உப்பைத்தான் எகிப்தியர் பிணங்களைப் பதப்படுத்தவும் பயன்படுத்தினார்கள்.

சிலிக்காவும் சோடாவும் மட்டும் கலந்தால் உண்டாகும் கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும். அதைக் கட்டி நிறுத்தச் சுண்ணாம்பு வேண்டும். இன்றைய இஸ்ரேலின் ஏக்கர் நகரருகே கடலில் கலக்கும் ஆற்றை ரோமானியர் பேலுஸ் என்றார்கள். அதன் முகத்துவார மணலில் கிளிஞ்சல் துகள்கள் இயல்பாகவே கலந்திருந்தன. தேவையான சுண்ணாம்பு அப்படித் தானாகவே சேர்ந்துகொண்டது. அங்கே கரையிறங்கிய நேட்ரான் வணிகர்கள் உப்புக் கட்டிகள்மேல் பானையை ஏற்றிச் சமைத்தபோது கண்ணாடி உருகி ஓடியதாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதினார். அடுப்புத் தீக்கு அவ்வளவு வலு கிடையாது. கதையை நம்ப வேண்டியதில்லை. ஆனால் மணல், உப்பு, இடம் மூன்றையும் அவர் சரியாகவே குறித்திருக்கிறார்.

குப்பியின் நீலப்பச்சை நிறமும் மணலின் தயவு. மணலில் இருக்கும் இரும்பு ஒரு நிலையில் கண்ணாடிக்கு நீலத்தையும் இன்னொரு நிலையில் மஞ்சளையும் தரும். இரண்டும் கலந்தால் நீலப்பச்சை. நிறமே இல்லாத கண்ணாடி வேண்டுமென்றால் ஆன்டிமனியோ மாங்கனீசோ சேர்த்தார்கள். கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீசியன் வெளியிட்ட விலை ஆணையில் அலெக்சாந்திரியக் கண்ணாடி ராத்தலுக்கு 24 தெனாரி (ரோமானிய நாணயம்). பச்சை ஓடிய யூதேயக் கண்ணாடி 13 தெனாரி. நிறம் போக்கியதற்குக் கிட்டத்தட்ட இருமடங்கு விலை.

மணலை உருக்கிக் கண்ணாடி எடுத்தவர்களும் அதைக் கலமாக வடித்தவர்களும் ஒரே ஆட்கள் அல்லர். கிழக்கு மத்தியதரைக் கரையிலும் எகிப்திலும் பெரிய தொட்டி உலைகளில் கண்ணாடியைப் பாளம் பாளமாக உருக்கி, உடைத்து, கப்பலேற்றினார்கள். கார்மேல் மலையடிவாரத்தில் அப்படிப்பட்ட 4ஆம் நூற்றாண்டு உலைகள் கிடைத்த செய்தி 2016இல் வெளியானது. பேரரசின் மற்ற ஊர்ப் பட்டறைகள் இந்தக் கட்டிகளை வாங்கி மறுபடி உருக்கிக்கொண்டன. இந்த வணிகத்தின் ஒரு கிளை நம் பக்கமும் நீண்டது. செங்கடல், இந்தியப் பெருங்கடல் வணிகத்தை விவரிக்கும் 1ஆம் நூற்றாண்டு கிரேக்கக் கையேடான ‘பெரிப்ளூஸ்’, சேர நாட்டுத் துறைமுகமான முசிறிப் பகுதியில் இறக்குமதியான சரக்குகளில் வடிக்காத கண்ணாடிக் கட்டியையும் சேர்த்திருக்கிறது.

ஒரு மூச்சில் மாறிய விலை

வாசனைத் தைலத்துக்குக் கண்ணாடிக் கலம் ரோமானியர் கண்ட புதுமை அல்ல. கி.மு. 1500 வாக்கிலேயே மெசொப்பொத்தேமியாவிலும் எகிப்திலும் இந்த வேலை நடந்தது. உலோகக் கம்பி முனையில் களிமண்ணும் சாணமும் குழைத்துக் கரு பிடித்து, அதன்மேல் உருகிய கண்ணாடியை இழையாகச் சுற்றி, ஆறியபின் உள்ளிருக்கும் கருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நெடுநேரம் பிடிக்கும். அரண்மனைக்கும் கோயிலுக்கும் கட்டுப்படியாகும், தெருக்கடைக்கு ஆகாது.

கி.மு. முதல் நூற்றாண்டில் யாரோ ஒருவர் சூடான கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைக் கிள்ளி மூடி, மறுமுனையில் ஊதிப் பார்த்திருக்கிறார். எருசலேமின் யூதக் குடியிருப்பில் நஹ்மான் அவிகாத் நடத்திய அகழாய்வில் அப்படிப் பாதி ஊதிக் கைவிட்ட குழாய்களும் குமிழ்களும் பட்டறைக் கழிவாகக் கிடைத்தன. ஊதிச் செய்த கண்ணாடிக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்றுகளில் அதுவும் ஒன்று. நீண்ட ஊதுகுழல் வந்த பிறகு வேலை சூடுபிடித்தது. குழலின் முனையில் கொஞ்சம் கண்ணாடிக் குழம்பை எடுத்து ஊதினால், பரப்பு இழுவிசையே அதை உருண்டையாக்கிவிடும். இழுத்தால் கழுத்து, வெட்டி மடித்தால் வாய். கைதேர்ந்தவருக்கு ஒரு சிறு குப்பி சில நிமிட வேலை. குரொவேசியாவின் அஸ்ஸேரியாவிலும் இத்தாலியின் பெராரா பகுதியிலும் கிடைத்த 1ஆம் நூற்றாண்டு மண் அகல்களில், உலை முன் உட்கார்ந்து குழலை ஊதும் கைவினைஞரின் உருவம் புடைத்து நிற்கிறது.

விலை இறங்கியது. ரோமில் ஒரு செம்புக் காசுக்குக் கண்ணாடிக் கிண்ணம் கிடைப்பதாகப் புவியியலாளர் ஸ்டிராபோ குறித்தார். இன்று ஏலத்தில் இந்தக் குப்பிகள் மலிவாகக் கிடைப்பதற்கும் அதுவே காரணம். அவை அன்றே லட்சக்கணக்கில் செய்து தள்ளிய சரக்கு.

எல்லாமே மலிவுச் சரக்கு என்றும் சொல்லிவிட முடியாது. நிஜப் பேரீச்சம்பழத்திலிருந்து அச்செடுத்து, அதற்குள் தேன்நிறக் கண்ணாடியை ஊதிய குப்பிகள் இருக்கின்றன. தோலின் ஒவ்வொரு சுருக்கமும் அப்படியே தெரியும். வட இத்தாலியில் மெல்லிய பறவை உருவங்கள் செய்தார்கள். வாசனைப் பொருளை நிரப்பி, வால் நுனியைத் தீயில் உருக்கி மூடிவிடுவார்கள். வாங்கியவர் வாலை ஒடித்தால்தான் உள்ளே இருப்பது வெளிவரும். திறந்தால் திரும்ப மூட முடியாத, ஒருமுறை பயன்படுத்தும் பொட்டலம் அது. வால் ஒடியாத பறவை கிடைத்தால் அது அபூர்வம்.

உள்ளே இருந்த சரக்கு

குப்பி மலிவு, உள்ளே இருந்ததோ அப்படியில்லை. சில தைலங்கள் ராத்தல் 400 தெனாரிக்கு மேல் விற்றதாகப் பிளினி அங்கலாய்க்கிறார். அன்றைய ரோமானியப் படைவீரனின் ஓராண்டுச் சம்பளமே 225 தெனாரிதான்.

சாராயத்தில் கரைத்துத் தெளிக்கும் வாசனைத் திரவியம் அன்று கிடையாது. ஆல்கஹாலை வடித்தெடுக்கும் கலை அவர்களுக்குத் தெரியாது. மணம் ஏற்றியதெல்லாம் எண்ணெயில்தான்: பழுக்காத ஆலிவில் பிழிந்த எண்ணெய், வாதுமை எண்ணெய், முருங்கையின் பாலைவன உறவினமான ஒரு மரத்தின் விதையெண்ணெய். அதில் ரோஜா, குங்குமப்பூ, இலவங்கப்பட்டை, வெள்ளைப்போளம் ஆகியவற்றை ஊறவைத்தோ மிதமாகச் சூடாக்கியோ சாரம் இறக்குவார்கள். வாசனை பறந்துவிடாமல் பிடித்துவைக்கப் பிசின் சேர்ப்பார்கள். பொம்பேயி நகரின் வெத்தி வீட்டுச் சுவரில் சிறகு முளைத்த குழந்தைகள் எண்ணெய் பிழிவது முதல் வாடிக்கையாளருக்கு முகரக் கொடுப்பது வரை இந்தத் தொழிலின் படிகள் ஓவியமாக உள்ளன.

விலை உயர்ந்த சரக்குகளில் ஒன்று இமயமலையில் விளையும் சடாமாஞ்சில். வியன்னாவில் உள்ள 2ஆம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரசு ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், ‘ஹெர்மப்பொல்லோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது. அதில் தந்தத்தோடு 60 பெட்டிகள் கங்கைச் சடாமாஞ்சிலும் வருகிறது. இமயத்து வேர் சேர நாட்டுத் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து எகிப்து வழியாக ரோமானியச் சந்தையை அடைந்தது.

இந்தச் சரக்குக்குக் கண்ணாடி பொருத்தமான கலம். மண்பாண்டம் எண்ணெயைக் குடிக்கும். செம்பும் வெண்கலமும் எண்ணெயோடு வினைபுரியும். கண்ணாடி எதையும் உறிஞ்சாது, எந்த மணத்தையும் தராது. ஒடுங்கிய கழுத்து காற்றுப்படும் பரப்பைக் குறைக்கும்; சாய்த்தால் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழும்.

இறந்தவரைப் பிரிந்த உறவினர் தங்கள் கண்ணீரைப் பிடித்துவைத்த குப்பிகள் இவை என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு கதை பரவியது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இருந்தாலும் ‘கண்ணீர்க் குப்பி’ என்று விளம்பரம் செய்து விற்பது இன்னும் ஓயவில்லை.

உடையாமல் தப்பியது எப்படி?

கண்ணாடியை எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கலாம். அதனால் ரோமானிய ஊர்களில் உடைந்த கண்ணாடிக்கு நல்ல கிராக்கி இருந்தது. கந்தகக் குச்சி கொடுத்துக் கண்ணாடி உடைசலை வாங்கிப் போகும் தெரு வியாபாரியைக் கவிஞர் மார்ஷியல் பகடி செய்கிறார். இத்தாலியின் கிராடோ கடலில் மூழ்கிய ஒரு ரோமானியக் கப்பலில் மரப்பீப்பாய் நிறைய உடைசல் கிடைத்தது. மறுபடி உருக்கப் போய்க்கொண்டிருந்த சரக்கு அது.

வீட்டிலும் கடையிலும் புழங்கிய கண்ணாடி ஒன்று உடைந்தது, அல்லது உலைக்குத் திரும்பியது. முழுசாகத் தப்ப இரண்டே வழிகள் பெரிதாக இருந்தன. ஒன்று, பொம்பேயிபோல் எரிமலைச் சாம்பலில் ஊரே புதைய வேண்டும். மற்றொன்று, யாரும் தொடாத இடத்தில் ஒருவர் அதை வேண்டுமென்றே வைக்க வேண்டும். ரோமானியர் இறந்தவருக்குத் தைலம் பூசினார்கள், சிதையில் ஊற்றினார்கள், குப்பியைக் கல்லறைக்குள் வைத்தார்கள். சிதையோடு எரிந்து குழைந்துபோன குப்பிகளும் அகழாய்வில் கிடைப்பதுண்டு.

ஆகவே ஏலத்தில் கீறல்கூட இல்லாத ஒரு குப்பியைப் பார்த்தால் அநேகமாக உறுதியாகச் சொல்லிவிடலாம்: அது ஒரு கல்லறையிலிருந்து வந்தது. அந்தக் கல்லறையைத் திறந்தது யார், எப்போது என்பதுதான் அடுத்து எழ வேண்டிய கேள்வி.

நிறமில்லாத நிறம்

மண்ணுக்குள் குப்பிக்கு என்ன நேர்கிறது? ஈரம் கண்ணாடியைத் தொட்டதும் அதிலுள்ள சோடியம் அயனிகள் மெல்ல வெளியேறும். அந்த இடங்களில் நீரின் ஹைட்ரஜன் அயனிகள் புகுந்துகொள்ளும். மேற்பரப்பில் மிஞ்சுவது நீரேறிய சிலிக்கா. வெளியேறிய சோடியம் சுற்றியுள்ள நீரைக் காரமாக்கும். காரம் சிலிக்காவையே அரிக்கும். அரித்தது நுண்துகள்களாகத் திரும்பப் படியும். ஈரமும் வறட்சியும் மாறி மாறி வர, நூற்றாண்டுகளில் ஏட்டின்மேல் ஏடாக மெல்லிய படலங்கள் சேர்கின்றன.

ஒவ்வோர் ஏடும் சில நூறு நானோமீட்டர் தடிமன். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர். இந்த ஒற்றுமைதான் வித்தையைச் செய்கிறது. ஏட்டின் மேல்பக்கத்தில் திரும்பும் ஒளியும் அடிப்பக்கத்தில் திரும்பும் ஒளியும் சந்திக்கும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில அழியும். மழைநாளில் சாலைத் தண்ணீரில் சிந்திய டீசல் காட்டும் வண்ணமும் இதே இயற்பியல்தான். குப்பியில் சாயம் எதுவும் இல்லை. அந்த ஏட்டில் தண்ணீர் புகுந்தால் நிறம் மங்கிவிடும், காய்ந்தால் திரும்பும்.

ஏடுகள் ஆண்டுக்கு ஒன்றாகப் படிகின்றனவோ என்ற ஐயம் விஞ்ஞானிகளுக்கு வந்தது. கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தின் ராபர்ட் பிரில், ஏடுகளை எண்ணிக் கண்ணாடியின் வயதைக் கணிக்கலாம் என்று 1961இல் ‘நேச்சர்’ இதழில் முன்மொழிந்தார். பிந்தைய ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. ஏடு படிவதற்கு ஆண்டுச் சுழற்சி தேவையே இல்லை. மண்ணின் காரத்தன்மையையும் ஈரத்தையும் பொறுத்து அது வேகமாகவும் நடக்கும், மெதுவாகவும் நடக்கும்.

இந்த அரிப்பில் மயங்கியவர்களில் அமெரிக்கக் கலைஞர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனியும் ஒருவர். பழைய ரோமானியக் கண்ணாடியின் மினுக்கத்தைச் சூடான கண்ணாடியில் உலோக உப்புகளால் வரவழைத்து, 1894இல் ‘ஃபாவ்ரீல்’ என்ற வணிகப் பெயரைப் பதிவு செய்தார். 2023இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபியொரென்சோ ஒமெனெட்டோவும் இத்தாலிய ஆய்வாளர்களும் அக்விலேயா அருகே கிடைத்த ரோமானியக் கண்ணாடித் துண்டு ஒன்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். அடர்பச்சைத் துண்டின்மேல் கண்ணாடிபோல் பளபளக்கும் பொன்னிறப் படலம். அடர்த்தி மாறி மாறி அடுக்கிய சிலிக்கா ஏடுகள், ஆய்வகங்களில் பாடுபட்டு உருவாக்கும் ஒளிப் படிகங்களின் அமைப்பிலேயே இருந்தன. சந்தையில் விலைபோகாத ஓர் உடைசல் தந்த பாடம் இது.

வாங்கியவர் பெரும்பாலும் செய்யும் தவறு, குப்பியைக் கழுவித் துடைப்பது. ஏடுகளுக்கு அடிக்கண்ணாடியோடு பிடிப்பு மிகக் குறைவு. துணி பட்டால் செதிலாக உதிரும். உதிர்வது அழுக்கு அல்ல, பல நூற்றாண்டு வேதியியல். ஈரப்பதம் ஏறி இறங்காத இடத்தில் வைத்துத் தொடாமல் விடுவதே பராமரிப்பு.

கடன் வாங்கிய வயது

ஏலப் பட்டியலில் ‘கி.பி. 1ஆம் நூற்றாண்டு’ என்று போட்டிருக்கும். யார் சொன்னது? கண்ணாடியில் கரிமம் இல்லை, ஆகவே கரிமக் காலக்கணிப்பு பலிக்காது. ஐசோடோப்பு ஆய்வு மணலின் ஊரைச் சொல்லும்: ஹாஃப்னியம் ஐசோடோப்புகளைக் கொண்டு எகிப்திய மணலையும் லெவன்ட் (கிழக்கு மத்தியதரைக் கரை) மணலையும் பிரித்தறிந்து, நிறமற்ற உயர்தர ரோமானியக் கண்ணாடி எகிப்தில் உருவானது என்று 2020இல் டேனிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்டைச் சொல்ல அதற்கும் வழியில்லை.

வயது தெரிவது வடிவத்திலிருந்து. நெதர்லாந்துத் தொல்லியலாளர் கிளாசினா இசிங்ஸ், நாணயத்தோடோ வேறு காலச் சான்றோடோ கிடைத்த கண்ணாடிகளைத் தொகுத்து, 1957இல் வடிவங்களுக்கு எண் கொடுத்து நூலாக வெளியிட்டார். நேரான குழாய் போன்ற குப்பிக்கு 8; அகன்ற தட்டையான அடியும் நெடுங்கழுத்தும் கொண்ட விளக்குத்தண்டு வடிவத்துக்கு 82. விற்பனைச் சீட்டுகளில் இன்றும் அந்த எண்களைக் காணலாம். ஆக, சந்தையில் உள்ள குப்பியின் வயது கடன் வாங்கியது. ஒழுங்காகத் தோண்டிய ஏதோ ஒரு கல்லறையில், நாணயத்தின் பக்கத்தில் கிடைத்த இன்னொரு குப்பிதான் அந்தக் கடனைக் கொடுத்தது.

போலிகளும் நிறைய. வேதிப்பொருள் தெளித்து வரவழைத்த மினுக்கம் மேற்பரப்பு முழுக்க ஒரே சீராக இருக்கும், செதிலாக உரியாது. மண் செய்த மினுக்கம் திட்டுத்திட்டாக, குழிகளோடும் வரிகளோடும் இருக்கும். ஆனால் நிஜக் குப்பியில் போலி மினுக்கம் ஏற்றுவதும் உண்டு. உடைந்த இரண்டை ஒட்டி ஒன்றாக்குவதும் உண்டு.

பத்திரம் எங்கே?

1865இல் சைப்ரசுக்கு அமெரிக்கத் துணைத்தூதராகப் போன லூயிஜி பால்மா டி செஸ்னோலா ஆயிரக்கணக்கான கல்லறைகளைத் தோண்டினார். அவர் சேர்த்த பொருள்களை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வாங்கியது; 1879இல் அவரே அதன் முதல் இயக்குநர் ஆனார். எது எந்தக் கல்லறையில் கிடைத்தது என்ற குறிப்பு பலவற்றுக்கு இல்லை. இருக்கும் சிலவும் நம்பத்தக்கவை அல்ல. அழகான கண்ணாடிகள்தான். ஆனால் அவற்றிடம் கேட்க நினைக்கும் கேள்விகளில் பாதிக்குப் பதில் வராது.

இது பழங்கதை இல்லை. சிரியாவின் ரோமானிய நகரமான அபமேயாவைச் செயற்கைக்கோள் 2011இலும் 2012இலும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், ஓராண்டுக்குள் நிலம் முழுக்கக் கொள்ளையர் குழிகள். கலாச்சாரப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க யுனெஸ்கோ 1970இல் உடன்படிக்கை கொண்டுவந்தது. அந்த ஆண்டுக்கு முன்பே ஒரு பொருள் தன் நாட்டைவிட்டு வெளியேறியதற்குத் தாள் இருக்கிறதா என்பதைப் பொறுப்புள்ள அருங்காட்சியகங்கள் இன்று பார்க்கின்றன. இஸ்ரேலில் 1978 சட்டத்துக்குப் பின் மண்ணிலிருந்து எடுக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். ஆனாலும் உரிமம் பெற்ற கடைகளில் பழைய இருப்பு என்ற பெயரில் விற்பனை தொடர்கிறது. மலிவான குப்பிக்கு யாரும் பத்திரம் கேட்பதில்லை. மலிவு என்பதே இங்கே பெரிய மறைப்பு.

பத்திரமும் மண்ணும் கூடவே இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஸ்பெயினின் கார்மோனா சாட்சி. 2019இல் அங்கே ஒரு வீட்டில் வேலை நடந்தபோது, கொள்ளையர் கை படாத 1ஆம் நூற்றாண்டுக் குடும்பக் கல்லறை வெளிப்பட்டது. ஒரு பெண்ணின் எரிந்த எலும்புகள் இருந்த கண்ணாடித் தாழிக்குள், படிகக் கல்லில் குடைந்த தைலக் குப்பி ஒன்றும் அம்பர் மணிகளும் இருந்தன. குப்பியின் வாயை டோலமைட் மூடியும் நிலக்கீலும் அடைத்திருந்தன. உள்ளே காய்ந்த எச்சத்தைக் கோர்டோபா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் நிறமாலை முறையில் பகுத்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள்: தாவர எண்ணெயில் பச்சோலி என்ற நறுமணச் செடியின் சாரம். இந்தியாவிலிருந்து போன மணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ரோமானியர் பச்சோலி பூசினார்கள் என்பதற்கு அதுவரை யாரிடமும் சான்று இல்லை.

அந்தக் கல்லறையை ஒரு கொள்ளையன் முதலில் திறந்திருந்தால், மூடியைப் பெயர்த்து, எச்சத்தை அலசிக் கொட்டி, குப்பியை மட்டும் விற்றிருப்பான். வாங்கியவர் ஏமாந்ததாக நினைத்திருக்கவும் மாட்டார்; பொருள் நிஜம், கொடுத்த விலை நியாயம். பச்சோலிதான் சாக்கடையோடு போயிருக்கும். ஆகையால் ரோமானியக் குப்பி வாங்க ஆசைப்படுகிறவர் விற்பவரிடம் வயதையும் மினுக்கத்தையும் விசாரிக்கும் முன்பு, அது எந்த மண்ணிலிருந்து, எந்த ஆண்டு, யார் கையால் வெளியே வந்தது என்று கேட்க வேண்டும். எழுத்தில் பதில் தரமுடியாத குப்பியை, அது எவ்வளவு அழகாக மின்னினாலும், வாங்காமல் விடுவதே நல்லது. கொள்ளையன் குழி தோண்டுவது வாங்க ஆள் இருக்கிறவரைதான்.